மடியில் இருந்த விலை

கோபம் வந்தால் எனக்குக் காது சூடாகும். ஹட்டனில் நான் டெலிபோன் பேச வருகிறவர்களுக்காகக் கொம்யூனிகேஷன் கடை நடத்திய காலத்தில் அந்தக் காதுகளை அதிகமாகச் சுட வைத்தது யார் என்று கேட்டால், கடன் சொல்லிப் போனவர்களைச் சொல்லமாட்டேன். மழைக்கு ஒதுங்கி வந்து ஒரு கோல்கூட எடுக்காமல் பெஞ்சை நிரப்பி உட்கார்ந்தவர்களையும் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் இருந்துகொண்டு, ஒரு பழைய பின்னல் மெஷினின் பாகத்தை விற்பதாக இன்டர்நெட்டில் படம் போட்டுவிட்டு, விற்காமலே எங்களை மாதக்கணக்கில் ஆட்டிவைத்த ஒரு மனிதரைத்தான் சொல்வேன். அவர் முகத்தை நான் கண்டதில்லை. கண்டிருந்தால் இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிருக்காது.

அவரோடு மோதியது நானில்லை, என் மதினி. அண்ணனின் மனைவி. டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருந்தவர். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அந்த வருஷத்தில்தான் சரியாக வளர்ந்தது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னாலும் இருந்தது, ஆனால் அது சோறு போட்ட கைக்கு வைக்கும் சாதாரண மரியாதை.

மதினி கொழுந்து எடுத்தவர்தான். தொண்ணூறுகளில் தோட்டத்து பங்களாவில் இருந்த துரைக்கு மாற்றல் வந்தபோது வீட்டுச் சாமான்களை மலிவாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். நாற்காலி, அலுமாரி எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஆள் அடிபிடி. ஒரு நீளப் பெட்டி மட்டும் கேட்பாரில்லாமல் மூலையில் கிடந்தது. ஆர்மோனியம் உடைந்துபோய்க் கிடக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். மதினி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வரிசையாக ஊசிகள், அவற்றுக்கு மேலே இப்படியும் அப்படியும் தள்ளுவதற்கு ஓர் இரும்பு வண்டி. கம்பளி நூலைக் கோத்து வண்டியை ஒரு தரம் தள்ளினால் ஒரு வரிசை பின்னிவிடும். கூடவே ஒரு இங்கிலீஷ் கையேடு இருந்தது. நான் அதைத் தட்டுத்தடுமாறி வாசித்துச் சொன்னேன். ஆனால் மதினி என்னை நம்பவில்லை, படங்களைப் பார்த்தே பழகினார். அது அவருடைய அதிர்ஷ்டம்.

மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரை சீசன் தொடங்கினால் சிவனொளிபாதமலை ஏற வரும் சனம் எங்கிருந்தெல்லாமோ வரும். தெற்கே காலியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மெல்லிய சட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இறங்கி ஐந்து நிமிஷத்தில் பல் அடிக்கத் தொடங்கும். அப்புறம் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கடைகளில் தொங்கும் கம்பளித் தொப்பிகள்தான். மதினி தொப்பி பின்னினார். அங்கே கடை போடும் ஒரு முதலாளி மொத்தமாக எடுத்துக்கொண்டார். இரண்டு சீசன் பார்த்துவிட்டு மதினி தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில் தன் பேரை வெட்டச் சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் பேர் இருப்பது என்றால் என்னவென்று வெளியாருக்குச் சொன்னால் விளங்காது. பேர் பதிந்தவர்தான் ஆள். மற்றவர்கள் ஆட்களோடு இருப்பவர்கள். "பேர வெட்டிட்டு நிக்கிறா, பெரிய தொரைசாணி" என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். மதினி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டியைத் தள்ளும் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ.

இதெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு வருஷம், மழைக்காலத்தில், அந்த இரும்பு வண்டி உடைந்தது. உள்ளே இருந்த ஒரு பாகம் விரிசல் விட்டுவிட்டது. ஹட்டன் வெல்டிங் கடையில் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு வரிசை ஓடியது, அடுத்த வரிசையில் பத்து ஊசியை வளைத்துவிட்டு நின்றது. கொழும்புக் கடைகளுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். அந்த மாடல் மெஷினே இப்போது வருவதில்லை என்று சிரித்தார்கள்.

அண்ணன் கெட்டவரில்லை, ஆனால் கணக்குப் பார்ப்பவர். "தீபாவளி வரைக்கும் பாப்போம். இல்லேன்னா பேரப் பதிஞ்சிரு. கணக்கப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கேன்" என்றார். மதினி அதற்கான பதிலை என் கடைக்கு வந்துதான் சொன்னார்.

"மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறது கேவலமில்ல தம்பி. எங்கம்மா போனாங்க, நான் போனேன். ஆனா மறுபடியும் விடியக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நின்னு, அவங்க என்ன சொன்னாலும் 'சரிங்க, சரிங்க'ன்னு சொல்ல எனக்கு இனிமே வாய் வராது. அந்தப் பழக்கம் விட்டுப் போச்சு."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. பெரட்டில் நின்று என் அம்மா சொன்ன 'சரிங்க'க்களில் படித்து வந்தவன் நான்.

என் கடையில் மூன்று கொம்பியூட்டர் இருந்தன. டெலிபோன் லைனில் டயல் செய்து இன்டர்நெட் பிடிக்கும் காலம். மழை வந்தால் லைன் போகும், ஹட்டனில் மழை வராத நாளை விரல் விட்டு எண்ணலாம். ஒருநாள் வெயில் அடித்த புண்ணியத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, உலகம் முழுக்க ஆட்கள் பழைய சாமான்களை ஏலத்தில் விடும் ஒரு தளத்தில், அதே வண்டியைக் கண்டேன். அதே மாடல், அதே பச்சை நிறம். மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைக் கையால் தொட்டுப் பார்த்தார். "இதேதான்" என்றார்.

பணம் கட்டக் கடன் அட்டை வேண்டும். எங்கள் யாரிடமும் கிடையாது. கடைக்கு மேல்மாடி அறையில் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஹட்டனில் இங்கிலீஷ் படிப்பித்தவர். அவருடைய தங்கையின் மகன் லண்டனில் இருந்தான். அவன் கட்டுவான், நாங்கள் இங்கே மாஸ்டரிடம் ரூபாயாகக் கொடுத்துவிட வேண்டியது. பார்சலை மட்டும் நேரே எங்களுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும், இரண்டு வேலை செய்கிற அவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "உதுக்கென்ன, செய்வம்" என்றார் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவருக்கும் பொழுது போக வேண்டியிருந்தது.

முதல் ஏலம் ஒரு ஞாயிறு பின்னேரம் முடிந்தது. மதினி பஸ் பிடித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாஸ்டர் பிளேன்டீ கோப்பையோடு இறங்கி வந்தார். மதினியின் கையில் இருந்த சேமிப்புக்கு இங்கிலாந்துக் காசில் நாற்பத்தொரு பவுண் வரை கேட்கலாம். கேட்டோம். எங்களுக்கு எதிராக ஒருவரும் கேட்கவில்லை. நேரம் முடிந்தது. நான் கையைத் தட்டி எழும்பப் போனேன், அப்போதுதான் அந்தச் சிவப்பு எழுத்தைக் கவனித்தேன்.

"என்னா தம்பி போட்டிருக்கு?"

"நீங்கதான் கூடின விலை கேட்டவருன்னு போட்டிருக்கு மதினி."

"அப்ப நமக்குத்தான?"

"இல்ல. ரிசர்வ் விலைக்கு வரலையாம்."

விற்கிறவர் மனதுக்குள் ஒரு விலை வைத்திருப்பார், அதற்குக் கீழே போனால் தரமாட்டார், ஆனால் அந்த விலை என்னவென்று சொல்லவும் மாட்டார் என்று நான் விளக்கினேன். விளக்கும்போதே எனக்குக் காது சூடாகிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நாற்பத்தொன்று போதாதென்றால் முதலிலேயே இவ்வளவு வேண்டும் என்று எழுதி வைப்பதற்கு என்ன? ஒரு வாரம் எங்களைக் காத்திருக்க வைத்து, மழையில் பஸ் ஏறி வரவைத்து, இதென்ன விளையாட்டு?

மாஸ்டர் என்னைச் சமாதானப்படுத்தினார். "தம்பி, உது அங்கத்தைய வழக்கம். விக்கிறவனுக்கும் ஒரு பாதுகாப்பு வேணும்தானே."

மதினி யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப வெலைய மடியில கட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு ரிசர்வ் விலை என்பது மடிவிலை ஆகிவிட்டது. மாஸ்டர்கூட அப்படித்தான் சொன்னார்.

மதினிக்குத் தெரிந்த ஏலம் வேறு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கடைசி நாள், அம்மனுக்குச் சாத்தின புடவை, கும்பத்துத் தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலம் கூறுபவர் பொருளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். சனத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டிய பொருளைத் திரும்ப உள்ளே கொண்டுபோகிற பேச்சே இல்லை. பத்து ரூபாய்க்குப் போனாலும் போக வேண்டியதுதான். இன்னொரு பழக்கமும் உண்டு. நேர்த்தி வைத்த ஆள் யாராவது எழும்பி நின்று, "என்னால முடிஞ்சது இவ்வளவுதாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதற்கு மேலே ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு வருஷம், ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி அப்படிச் சொல்லிப் புடவையைக் கேட்டாள். அந்தப் புடவைக்காகவே டவுனிலிருந்து வந்திருந்த கடைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். புடவை அவளுக்கு.

"வெளிய எடுத்து வச்சத உள்ள எடுத்துட்டுப் போறது என்னா ஏலம் தம்பி?" என்று பஸ் வரும்வரை மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் தோட்டத்துத் தேயிலைகூடக் கொழும்பில் ஏலத்தில்தான் போகிறது. அங்கே யார் என்ன கேட்டார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று கொழுந்து எடுத்தவளுக்கு யார் வந்து சொன்னார்கள்?

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் கண்ட வியாபாரிகளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஒருவர் இதே வண்டியை மிக மலிவாகப் போட்டிருந்தார், மடிவிலையும் இல்லை. சந்தோஷப்பட்டுக் கீழே இறங்கிப் பார்த்தால் அனுப்பும் செலவு பொருளைப்போல மூன்று மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இன்னொருவர் நல்ல மனிதர்போல் இருந்தார், நாங்கள்தான் முன்னால் நின்றோம், முடிவதற்கு முதல் நாள் ஏலத்தையே நிறுத்திவிட்டார். பொருள் இப்போது விற்பனைக்கு இல்லையாம். யாரோ பின்கதவால் வந்து கூடக் கொடுத்திருப்பான். மூன்றாமவருடைய படத்தில் வண்டி பளபளவென்று இருந்தது. உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி மாஸ்டர் எழுதினார், மறுமொழியே வரவில்லை. எங்களுடைய முதல் மனிதர் மட்டும் அசையாமல் இருந்தார். விற்கவில்லை, திரும்பப் போட்டார். விற்கவில்லை, திரும்பப் போட்டார். தானும் படுக்கமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான் என்கிற கதை.

நான் கத்துவேன். மேசையைத் தட்டுவேன். ஒருநாள் கீபோர்டில் ஒரு எழுத்தே பெயர்ந்து வந்தது. மதினி அதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "அவரு காதுக்குக் கேக்காது தம்பி, நம்ம சாமான்தான் ஒடையும்" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் தோற்றுவிட்டு எழும்பிப் போகும்போது அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோர்வு இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்தால் சில பிள்ளைகள் அழாமல் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்படி இருந்தார்.

தீபாவளி நெருங்கியது. மதினி லயத்துச் சீட்டை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாம் சேர்த்து, அனுப்பும் செலவு போக, அறுபது பவுண் வரை வந்தது. அதோடு அவர் ஒரு முடிவையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"மாஸ்டர், அந்த மடிவிலை ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதணுங்க."

"என்னெண்டு பிள்ளை?"

"என்கிட்ட அறுபது பவுண் இருக்கு, அதுக்கு மேல ஒரு சல்லி கெடையாதுன்னு எழுதுங்க. மல ஏறுற சனத்துக்குத் தொப்பி பின்னுற பொம்பள, வண்டி ஒடஞ்சு போச்சுன்னு எழுதுங்க."

நான் துள்ளி எழும்பினேன். "மதினி! விக்கிறவன்கிட்ட நம்ம கடைசி வெலைய யாராச்சும் சொல்லுவாங்களா?"

"கோயில்ல சொல்லுறோமே."

"அது கோயில்!"

மாஸ்டரும் தயங்கினார். "தம்பி சொல்லுறது சரி பிள்ளை. உம்மட கையிலை உள்ளதெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சு போடும்."

"தெரியட்டுங்க. மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம். எனக்கு என்னா பயம்? நீங்க எழுதுங்க."

மாஸ்டர் எழுதினார். அவருடைய இங்கிலீஷ் அரசாங்கக் கந்தோருக்கு எழுதும் இங்கிலீஷ். தொப்பி பின்னும் பெண் அதில் ஒரு சிறு கைத்தொழில் நிலையமாகிவிட்டாள். ஆனாலும் அறுபது பவுண் தெளிவாக இருந்தது. இரண்டு நாளில் மறுமொழி வந்தது. விருப்பத்துக்கு நன்றி, ஏலம் ஞாயிறு முடிகிறது, தயவுசெய்து கேளுங்கள். அவ்வளவுதான். மடிவிலையைப் பற்றி மூச்சு இல்லை.

ஞாயிறு வந்தது. நல்லவேளை மழை இல்லை. மதினி சொன்னபடி அறுபது என்று போட்டேன்; அது எங்கள் எல்லை, அதற்குள் தேவையான அளவுக்கு மட்டும் தளமே விலையை ஏற்றிக்கொண்டு போகும். போட்டதுமே திரையில் விலை குதித்தது. ஐம்பத்தைந்தில் போய் நின்றது. சிவப்பு எழுத்து காணாமல் போய், மடிவிலைக்கு வந்துவிட்டது என்று வந்தது. அந்தக் கணத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது, இத்தனை மாதம் அவர் மடியில் வைத்திருந்தது ஐம்பத்தைந்து. நான் மதினியைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "போதும், போதும், இப்படியே முடியட்டும்" என்று திரையிடம் சொன்னார்.

முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஆள் வந்தான். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வண்டிக்கு எங்களைத் தவிர ஒரு நாதி கேட்டதில்லை. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு படியாக ஏறினான். எங்கள் விலை தானாக ஐம்பத்தொன்பதுக்குப் போனது. அங்கே வந்ததும் அவன் நின்றுவிட்டான். அறுபதைத் தாண்டினால் எங்களால் முடியாது, வண்டி அவன் தலையில் விழும் என்று தெரிந்தவன்போல நின்றுவிட்டான். அவனுடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். எங்கள் கடிதம் போன பிறகு திறந்த கணக்கு. அதற்கு முன்னால் ஒரு குண்டூசி வாங்கியதில்லை.

"கள்ளன்! அந்தாளேதான் இன்னொரு பேர்ல வந்து கேக்குறான்! ஐம்பத்தஞ்சுக்குக் குடுக்க இருந்தவன்!" நான் கத்தினதில் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அப்பிடிச் சொல்லக்கூடாது தம்பி, தற்செயலாயும் இருக்கலாம்" என்றார் மாஸ்டர். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

ஏலம் முடிந்தது. மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டி நமக்குத்தான?"

"நமக்குத்தான்."

"அப்ப ஏன் கத்துறீங்க? போய் டீ வாங்கிட்டு வாங்க, மாஸ்டருக்கும் சேத்து."

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் அவர் அதைப் பற்றிப் பேசினார். "கவனிச்சீங்களா தம்பி, அந்த ஐயா கடைசி வரைக்கும் ஒரு வார்த்த பேசல. எவ்வளவு வேணும்னு நாம எப்படி எப்படியோ கேட்டுப் பாத்தோம். வாயத் தொறக்கலையே. நான்தான் தொறந்தேன்." கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு, "கெட்டிக்காரரு" என்றார்.

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஏமாற்றுக்காரனை எப்படிக் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியும்? ஆனால் மதினி அவரைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. தான் பார்த்த ஒரு வேலையைப் பற்றிச் சொன்னார். பங்களாவில் அந்தக் கையேட்டின் படங்களைப் பார்த்தபோது இருந்த அதே முகம். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

பார்சல் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. தபால் கந்தோரிலிருந்து நானே தூக்கிக்கொண்டு போனேன். இங்கே ஒரு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மனிதர் வண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, பழைய பத்திரிகைகளை இறுக்கமாக அடைத்து அனுப்பியிருந்தார். ஒரு கீறல் இல்லை. அதோடு ஏலத்தில் சொல்லாத ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் புது ஊசிகள். வெல்டிங் கடையில் ஒட்டிய வண்டி வளைத்துவிட்ட ஊசிகளுக்குப் பதிலாகச் சரியாகப் பொருந்தின. வாய் வலிக்கத் திட்டின ஆளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு. நான் சொல்லவில்லை. மதினி சொல்லிவிட்டார்.

லயத்தில் மறுபடியும் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "நூல் வாங்க டவுனுக்குப் போகணுமா?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் மன்னிப்பு.

சீசன் தொடங்குவதற்கு முந்திய வாரம் சாக்கில் தொப்பிகளைக் கட்டிக்கொண்டு நானும் மதினியும் நல்லதண்ணிக்குப் போனோம். முதலாளி கடைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், பேச்சில் தேன். வருஷா வருஷம் ஒரு தொப்பியை எடுத்து இழுத்துப் பார்ப்பார், உள்ளே கை விட்டுப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். மதினி "சரிங்க முதலாளி" என்பார். அதோடு வியாபாரம் முடிந்துவிடும். இந்த முறையும் இழுத்துப் பார்த்தார், ஒரு விலை சொன்னார்.

"பத்தாதுங்க" என்றார் மதினி.

முதலாளி சுத்தியலைக் கீழே வைத்தார். சிரித்துக்கொண்டு கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

"பத்தாதுங்க."

"என்னம்மா இந்த வருஷம் புதுசா இருக்கு? சரி, உனக்கு எவ்வளவுதான் வேணும்? சொல்லிடு."

"நீங்க கேளுங்க முதலாளி."

எனக்கு நாக்கு துடித்தது. ஒரு நியாயமான விலை என் மனதில் இருந்தது, அதைச் சொன்னால் இரண்டு பக்கமும் சந்தோஷமாக முடிந்துவிடும். "மதினி, வந்து..." என்று தொடங்கினேன். அவர் என் காலை மிதித்தார். குளிரில் விறைத்த கால், நன்றாக வலித்தது. முதலாளி இன்னும் ஒரு தரம் ஏற்றிச் சொன்னார். மதினி போதாது என்று தலையை மட்டும் ஆட்டினார். முதலாளி முகம் மாறி, எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்களிடம் ஒரு சாக்குத் தொப்பி இருந்தது, கடை இல்லை. "போயிட்டாரு மதினி. கொஞ்சம் எறங்கியிருக்கலாம். இதை வச்சிக்கிட்டு என்னா பண்ணுறது?" என்றேன். பயமாகத்தான் இருந்தது. அந்தச் சாக்கில் தீபாவளியிலிருந்து அவர் பட்ட பாடு முழுவதும் இருந்தது.

"சும்மா இருங்க தம்பி. ஏலம் இன்னும் முடியல."

சொல்லிவிட்டு ஒரு தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டார். நான் பல் அடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரா, இல்லை சாமானைக் காட்சிக்கு வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடை போட வந்திருந்த வேறு இரண்டு பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். முதலாளி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தார். நின்றபடியே ஒரு விலை சொன்னார். மதினி சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார், அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். "சரிங்க" என்றார்.

என் மனதில் இருந்த நியாயமான விலையைவிட அது நிறையக் கூட.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "மடியில எவ்வளவு மதினி வச்சிருந்தீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். "அதச் சொல்லிட்டா அப்புறம் மடியில என்னா இருக்கு?"

நான் பழி வாங்க நினைத்துக்கொண்டிருந்த அந்த இங்கிலாந்து மனிதரை அவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். தோற்ற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு ஒரு பாடம். நான் மேசையைத் தட்டியதோடு சரி. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில், கம்பளித் தொப்பியோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

சீசன் பாதியில் ஒரு நாள் காலை நான் லயத்தில் இருந்தபோது, தோட்டத்தில் வேலைக்கு ஆள் போடும் கணக்கப்பிள்ளை வந்தார். பிள்ளைகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்கு ஓடிப்போன காலம், மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, எடுக்க ஆள் இல்லை. கொழும்பில் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை நடந்து சம்பளமும் கொஞ்சம் கூடியிருந்தது. அண்ணன் அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அவர் உட்காராமலே வாசலில் நின்று மதினியைப் பார்த்து, "என்னம்மா, பேரப் பதிஞ்சிருவமா? இப்பதான் சம்பளமும் கூட்டியிருக்காங்களே" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

மதினி எழும்பவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"பத்தாதுங்க."

அந்தச் சொல்லைத் தோட்டத்தில் நான் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், கொடி பிடித்துக் கத்திக் கேட்டிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு ஆள் தன் குரலில் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார். கணக்கப்பிள்ளைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபப்பட வந்தவர்போல் வாயைத் திறந்து, ஏனோ வேறு ஒன்றைக் கேட்டார்.

"அப்ப எவ்வளவுதாம்மா வேணும்?"

எங்கள் ஆட்கள் அந்த மலையில் கூடை சுமந்த இத்தனை காலத்தில் யாரும் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை. மதினி நூலைச் சரிபார்த்தார், வண்டியை மறுபக்கத்துக்குத் தள்ளினார்.